லூதியானாவிலிருந்து வந்த மெஷின்

என் தையல் மெஷினைத் தலைமுழுகிவிடுவது என்று முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை. முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்து பார்த்துவிட்டு எடுத்த முடிவு. மெஷினோடு வாழ்ந்ததைச் சொல்கிறேன். மேரியோடு முப்பத்துமூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவளைத் தலைமுழுகுகிற தைரியமெல்லாம் எனக்குக் கிடையாது.

விழுப்புரம் மாதா கோயில் தெருவில் சவுரிராயன் டெய்லர் என்றால் தெரியாத ஆம்பளைகள் இருக்கலாம். ரவிக்கை போடுகிற யாருக்கும் என்னைத் தெரியாமல் இருக்காது. எண்பத்தாறாம் வருடம் எனக்கு அறுபது வயது. தையல் என்றால் பழைய தமிழில் பெண் என்றும் ஒரு பொருள் உண்டாம், படிக்கிற காலத்தில் தமிழய்யா சொல்லியிருக்கிறார். அந்த வகையில் எனக்கு இரண்டு தையல். ஒன்று தொழில். இன்னொன்று என் மனைவி இருதயமேரி. இரண்டில் ஒன்றாவது என் சொல்படி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் அதுவும் கோணிக்கொண்டது.

டீச்சர் வெள்ளையம்மாள் ஒரு நாள் காலையில் ரவிக்கையோடு வந்து நின்றார்.

"அண்ணே, எனக்கு எத்தினி கை?"

"ரெண்டு கைதாம்மா."

"ரெண்டும் ஒரே நீளமா இருக்குதா, நல்லா பாருங்க."

இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார். பார்த்தேன்.

"ஒரே நீளந்தாம்மா."

"அப்ப ரவிக்கைக்கு மட்டும் ஏன் ஒரு கை முட்டி வரைக்கும் வந்து, இன்னொரு கை தோளோட நின்னு போச்சு?"

"மெஷின் இழுக்குதும்மா."

"மெஷின் துணியை இழுக்கும். கைய வெட்டினது கத்திரிக்கோல் இல்லியா?"

டீச்சர்களுக்குத் தைக்கவே கூடாது. எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக வைத்திருப்பார்கள்.

"கத்திரிக்கோலும் பழசாயிடுச்சும்மா" என்றேன்.

டீச்சர் ரவிக்கையை மேரியிடம் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை தைத்தது. என் மெஷினைவிட நன்றாகத் தைத்தது.

மெஷின் தேய்ந்துவிட்டது என்பதற்கு என்னிடம் ஆதாரங்கள் இருந்தன. நேராகத் திண்டிவனம் போ என்று விட்டால் தையல் பாதி வழியில் பாண்டிச்சேரிக்குத் திரும்பிவிடும். ஊசியில் நூல் கோக்கக் கால் மணி நேரம் ஆனது. ஊசிக் கம்பெனிக்காரன் லாபம் பார்ப்பதற்காக ஊசியின் காதைச் சின்னதாக்கிவிட்டான். அந்த வருடம் எல்லாக் கம்பெனிக்காரனும் அப்படித்தான் இருந்தான். பேப்பர்க்காரன் மையைக் குறைத்து அச்சடித்தான். கரண்ட் ஆபீஸில் வெளிச்சத்தைப் பாதியாக்கி அனுப்பினார்கள். தீப்பெட்டிக்காரன்கூட லேபிளில் உள்ள படத்தை மங்கலாக்கிவிட்டான்.

மேரி ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்பாள். கேட்டுவிட்டு மெதுவாக நூல் விடுவாள்.

"ஏங்க, ஒரு தபா கண்ணு டாக்டர்கிட்ட காட்டிக்கினு வந்துடுங்களேன்."

"கெட்டுப் போனது ஊசியோட காது. என் கண்ணை ஏன் டாக்டர்கிட்ட காட்டணும்?"

"வயசு ஆவுது இல்ல..."

"வயசு ஆனது மெஷினுக்கு. என் கண்ணு பருந்துக் கண்ணு. அதோ மாதா கோயில் கோபுரத்துக்கு மேல ஒரு பருந்து சுத்துது பாரு, தெரியுதா?"

மேரி எட்டிப் பார்த்தாள்.

"அது பட்டம்ங்க. நூலுல கட்டியிருக்குது."

"பருந்து மாதிரி செஞ்ச பட்டம். அதத்தான் சொன்னேன்."

உண்மையைச் சொல்கிறேன். கண்ணாடி என்ற பேச்சே எனக்கு ஆகாது. கண்ணாடி போட்ட வாத்தியாரை மதிப்பார்கள். கண்ணாடி போட்ட வக்கீலுக்கு ஃபீஸ் ஏறும். கண்ணாடி போட்ட டெய்லரிடம் எவள் பட்டு ரவிக்கையைக் கொடுப்பாள்? முதல் நாள் கண்ணாடி, மறுநாள் கைத்தடி, மூன்றாம் நாள் கடையைச் சாத்து. அதனால்தான் மெஷினை மாற்றியே தீருவது என்று உறுதியாக நின்றேன்.

ஒரு வாரம் சண்டை போடத் தயாராக, வசனங்களோடு போய் உட்கார்ந்தேன்.

"மேரி, நான் புது மெஷின் வாங்கப் போறேன்."

"சரிங்க" என்றாள் மேரி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையிலேயே 'சரிங்க' சொன்னது கல்யாணத்தன்று மட்டும்தான். அதுவும் மாதா கோயில் சாமியார் கேட்டதற்குச் சொன்னது.

"இன்னா சரிங்கற?"

"நீங்க சொல்றது ஞாயம்தாங்க. ரெண்டு நாளா நானும் யோசிச்சேன். பழச வெச்சிக்கினு எத்தினி நாளு பேஜாரு படறது? திண்டிவனத்துல எங்க ஊரு பாண்டுரங்கன் மெஷின் கடை வெச்சிருக்கான். பழசைக் குடுத்துட்டுப் புதுசா எடுத்துக்கலாம். ஸ்டாண்டு இங்கியே இருக்கட்டும், தலைய மட்டும் மாத்தினா போதும். ஜல்தியா கெளம்புங்க."

மேரியின் ஊர் கிளியனூர், திண்டிவனத்துக்குப் பக்கம். அந்தப் பக்கத்து மனுசர்கள் எல்லோரும் அவளுக்குத் தம்பி. நான் மறுப்புச் சொல்லவில்லை. புது மெஷினுக்கென்று பெட்டியில் வைத்திருந்த பணத்தையும் அவளிடமே கொடுத்தேன். பஸ்ஸில் ஜேப்படிக்காரர்கள் அதிகம். மேரி முந்தானையில் முடிந்த பணத்தை எவனாலும் அவிழ்க்க முடியாது. நானே முயன்று பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

மெஷின் தலையைக் கழற்றிச் சாக்கில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். இரும்பு. தொடை மரத்துப்போனது. கண்டக்டர் வந்து சாக்கை விரலால் குத்திப் பார்த்தார்.

"இன்னா பெருசு இது?"

"தலைங்க."

கண்டக்டர் இரண்டடி பின்னால் போனார். முன் சீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

"தையல் மெஷினோட தலைங்க!" என்று மேரி கத்திச் சொன்ன பிறகுதான் பஸ்ஸுக்கு உயிர் வந்தது. அப்புறமும் விக்கிரவாண்டி வரைக்கும் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பாண்டுரங்கனுக்கு நாற்பது வயது இருக்கும். சிரித்த முகம். மேரியை அக்கா என்றான், அதனால் நான் மாமா ஆனேன். அக்காவும் தம்பியும் ஊர்க்கதை பேச உள்ளே போனார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் குசுகுசுவென்று ஊர்க்கதை. வெளியே வந்ததும் பாண்டுரங்கன் மெஷினின் சக்கரத்தைச் சுற்றினான். டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டான். பெருமூச்சு விட்டான்.

"மாமா, இத வெச்சிக்கினா இத்தினி நாள் தெச்சீங்க?"

"ஆமாம்."

"உங்க கைக்கு மோதிரம் போடணும். இது மெஷினே இல்ல மாமா, ஆவி. வேற ஒருத்தனா இருந்தா எப்பவோ தொழிலை வுட்டுட்டு ஓடியிருப்பான்."

மேரியை ஒரு பார்வை பார்த்தேன். கேட்டுக்கொண்டாயா என்ற பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பஞ்சாபு லூதியானாவுல இருந்து ஒரு மாடல் வருது மாமா. திண்டிவனத்துலியே இன்னும் யாரும் பார்க்கல. எட்டு நாள் ஆவும். ஆனா ஒரு கண்டிசன் இருக்குது."

"இன்னா கண்டிசன்?"

"ஹை ஸ்பீடு மாடல். ஊசி ஏறி எறங்கறதே தெரியாது. தப்பித்தவறி முறிஞ்சி தெறிச்சிச்சின்னா நேரா கண்ணுக்குத்தான் வரும். அதனால பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கினு தெச்சாத்தான் கேரண்டி. கம்பெனிக்காரன் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

"வெல்டிங் கடையில போட்டுக்கறாங்களே, அந்த மாதிரியா?"

"கரெக்டா புடிச்சீங்க மாமா!"

மேரி கவலையோடு குறுக்கே வந்தாள். "தம்பி, பவர் கண்ணாடி இல்லியே? அவருக்குப் பருந்துக் கண்ணு."

"பவரு மெஷினுக்குத்தான்க்கா. மாமாவுக்கு எதுக்குப் பவரு?"

பக்கத்துக் கடை கண்ணாடிக் கடை. அங்கே அளவெடுக்கக் கூட்டிப்போனான். ரவிக்கைக்கு அளவு உண்டு என்றால் கண்ணாடிக்கும் இருக்கத்தானே செய்யும். கடைக்காரர் என்னை உட்காரவைத்துச் சுவரில் தொங்கிய அட்டையைப் படிக்கச் சொன்னார்.

"படிக்கறது எதுக்குங்க?"

"கண்ணாடியில கீறல் இருக்குதான்னு செக் பண்ணணும்."

நியாயமான பதில். முதல் வரியைக் கணீரென்று படித்தேன். ஒரே எழுத்துதான் இருந்தது. இரண்டாவது வரியில் எழுத்துக்குப் பதிலாக எறும்புகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஏதேதோ வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். திடீரென்று எறும்புகள் எல்லாம் நிமிர்ந்து நின்று எழுத்துகளாகிவிட்டன. கடைசி வரி வரைக்கும் படித்தேன். அட்டைக்கு அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தேன்.

"நல்ல பாதுகாப்பு" என்றேன்.

கண்ணாடியை மெஷினோடு சேர்த்துத் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த எட்டு நாளும் நான் வெறும் ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். பழக்கம். மூன்றாம் நாள் சமையல்கட்டில் லாரி ஏறுகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மிக்ஸி.

"ஏது இது?"

"கெடச்சுதுங்க. வேண்டப்பட்டவங்க குடுத்தாங்க."

மிக்ஸி விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அம்மியில் அரைத்த சட்னிதான் சட்னி. மேரி பல வருடமாகக் கேட்டும் நான் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அரைக்கிற கை அவளுடையது என்பதால் கொள்கையைக் காப்பாற்றுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அன்றைக்கு நிலக்கடலையை அரைத்த மல்லாட்டைச் சட்னி வெண்ணெய் மாதிரி இருந்தது. கொள்கையோடு ஏழு தோசை சாப்பிட்டேன். குடுத்த வேண்டப்பட்டவர் யாரென்று கேட்க வாய் ஒழியவில்லை.

ஒன்பதாம் நாள் பாண்டுரங்கனே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோணியைப் பிரித்ததும் எனக்குக் கண் கூசியது. கிளிப்பச்சை! நெற்றியில் தங்க நிறத்தில் ஒரு மயில். சக்கரம் வெள்ளி மாதிரி மின்னியது. என் பழையது கன்னங்கரேலென்று கரிச்சட்டி போல் இருக்கும். குனிந்து முகர்ந்து பார்த்தேன். கும்மென்று பெயின்ட் வாசனை.

"பாத்தியா மேரி, புது மெஷின் வாசனை!"

"ஆமாங்க, தலையே சுத்துது" என்றாள் மேரி.

கண்ணாடியை மாட்டினேன். ஊசியில் நூலைக் கொண்டுபோனேன். நூல் தானாக நுழைந்தது! லூதியானாக்காரன் ஊசிக்கு நல்ல பெரிய காதாக வைத்திருந்தான். ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தேன். தையல் ரயில் தண்டவாளம் மாதிரி போனது. திரும்பவில்லை, கோணவில்லை, நிற்கவில்லை. முப்பது வயதுக்குப் போய்விட்டேன். பாண்டுரங்கனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நல்ல மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தால் எல்லாமே மாறிவிடுகிறது. அன்றைக்குச் சாயங்காலம் பேப்பர்க்காரன் நல்ல மையில் அச்சடித்திருந்தான். சுவரில் ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்தேன். கொக்கி வைத்துக்கொண்டிருந்த மேரியைப் பார்த்தேன்.

"மேரி, உனக்கு எப்ப இப்பிடி நரைச்சுது?"

"ரெண்டு மூணு வருசம் ஆவுதுங்க."

"சொல்லவே இல்லியே!"

"நரைச்சிட்டேன்னு ஆளாளுக்கு நோட்டீஸா அடிச்சிக் குடுப்பாங்க?"

அவள் விரல்களையும் அன்றுதான் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரல் கணு வீங்கிப்போய்க் கிடந்தது. ஏனென்று கேட்க நினைத்தேன். அதற்குள் யாரோ துணியோடு வந்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் நான் நடந்த நடை இருக்கிறதே! வருகிறவர்களிடமெல்லாம் பச்சை மெஷினின் பெருமையைச் சொன்னேன். பழைய மெஷினை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது மெஷினா, கழுதை. அது கழுதையா, கழுதைக்கு இருக்கிற விசுவாசம்கூடக் கிடையாது. வந்த பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். டீச்சர் வெள்ளையம்மாள் இரண்டு கையையும் ரவிக்கைக்குள் விட்டுப் பார்த்து, "லூதியானா லூதியானாதான் அண்ணே!" என்று சொல்லிவிட்டு, இருமல் வந்த மாதிரி வெளியே ஓடினார்.

மேரிக்கு மட்டும் பழசின் மேல் ஒரு பாசம்.

"பாவம்ங்க. முப்பத்தஞ்சு வருசம் சோறு போட்டுச்சு. அத்த அப்பிடிப் பேசாதீங்க. காதுல வுழப் போவுது."

"யாரு காதுல? அது திண்டிவனத்துல எந்தக் காயலான் கடையில கெடக்குதோ!"

அப்போதுதான் சாமியார் கோயில் பாடல் குழுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி உடை தைக்கச் சொன்னார். பெரிய ஆர்டர். எனக்கு இன்னொரு யோசனை உதித்தது. இன்னொரு பச்சை மெஷின் வாங்கிவிட்டால் என்ன? ஒன்றில் மேரியை உட்காரவைக்கலாம். அவளுக்குத் தெரியாமல் கொண்டுவந்து இறக்கி அசத்திவிடலாம் என்று, பாண்டிச்சேரி போவதாகச் சொல்லிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

பாண்டுரங்கன் என்னைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"வாங்க மாமா. மெஷின் எப்பிடி?"

"ராஜா மாதிரி ஓடுது. அதே மாதிரி இன்னொண்ணு வேணும்."

பாண்டுரங்கன் மறுபடியும் உட்கார்ந்தான்.

"அதே மாதிரியா?"

"அதே லூதியானா, அதே பச்சை, அதே மயிலு."

"அந்த மாடலு நின்னு போச்சு மாமா."

"ரெண்டு மாசத்துலியா?"

"ஃபேக்டரியில ஸ்ட்ரைக்கு."

"ஸ்ட்ரைக்கு முடியற வரைக்கும் வெயிட் பண்றேன். அட்வான்ஸ் புடி."

"ஃபேக்டரியே எரிஞ்சி போச்சு மாமா."

"ஸ்ட்ரைக்கா, எரிஞ்சி போச்சா?"

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவசரத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அடுத்த பொய்க்கு மேலே விட்டத்தைப் பார்த்தான். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"மாமா, உண்மையச் சொல்லிடறேன். உங்க வூட்ல இன்னொரு பழைய மெஷின் இருந்தா கொண்டாங்க. பச்சை டப்பா பாதி மீதி இருக்குது. அடிச்சித் தர்றேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"டேய்! அப்ப அது..."

"உங்க மெஷின்தான் மாமா. கழட்டித் தொடைச்சி, எண்ணெய் வுட்டு, பெல்ட்டு மாத்தி, பெயின்ட் அடிச்சேன். அது கெட்டி இரும்பு, ஒண்ணுமே ஆவல. உங்க பேரப்புள்ள காலத்துக்கும் ஓடும்."

"மெஷின் நல்லாயிருந்தா தையல் ஏன்டா கோணலா போச்சு?"

பாண்டுரங்கன் விரலை நீட்டி என்னைக் காட்டினான். பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடியும் காட்டினான். அவன் விரல் நுனி என் மூக்கின் மேல் இருந்த கண்ணாடிக்கு நேராக இருந்தது.

"அக்காதான் மாமா... நேரா சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு..."

பஸ் ஏறினேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கூட்டேரிப்பட்டு வரும்போது, மேரியைக் கிளியனூருக்கே அனுப்பிவிடுவது என்று இருந்தேன். விக்கிரவாண்டி வரும்போது, அவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. விழுப்புரத்தில் இறங்கும்போது பசி. சாப்பிட்டுவிட்டுத் திட்டலாம் என்று இருந்தது. ஆனாலும் மானஸ்தன். வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"நான் பாண்டிச்சேரி போகல. திண்டிவனம் போனேன்."

மேரி கொக்கி வைப்பதை நிறுத்தவில்லை. "கால் கழுவிக்கினு வாங்க, சோறு போடறேன்."

"பாண்டுரங்கன் எல்லாத்தையும் சொல்லிட்டான்!"

"சொல்லிட்டானா? ரெண்டு மாசம் தாங்கினானே, அதுவே பெருசு."

"கட்டின புருசனையே ஏமாத்தியிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"மெஷின் நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது."

"தையல் நேரா போவுதா?"

"போவுது."

"நூலு கோக்க வருதா?"

"வருது. அதுக்கு?"

"அப்ப இன்னாங்க பேஜாரு?"

யோசித்தேன். பேஜார் எங்கே இருக்கிறது என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன். நீங்க பருந்து காட்டினீங்க."

"சரி. ஒரு நாள் ஒரு ரவிக்கை கோணிப்போச்சு, அதுக்காக..."

மேரி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"ஒரு ரவிக்கையா? ரெண்டு வருசமா நீங்க மத்தியானம் தூங்கறப்ப நீங்க தெச்சதெல்லாம் நான் பிரிச்சித் தெச்சிக்கினு இருந்தேங்க. டீச்சரு ரவிக்கை தெச்ச அன்னிக்கு நீங்க தூங்கல. அதான் அப்பிடியே போயிடுச்சி."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரண்டு வருடம். எனக்கு வந்த பாராட்டெல்லாம் என் கண் முன்னால் ஒவ்வொன்றாகப் பிரிந்து விழுந்தன. கடைசியில், ஆம்பளை என்கிற முறையில், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்டேன்.

"புது மெஷினுக்குக் குடுத்த பணம் எங்க?"

"சட்னி அரைச்சிட்டேன்."

"இன்னா?"

"மிக்ஸிங்க. உங்களுக்குக் கண்ணு தேஞ்சு போச்சு, எனக்குக் கை தேஞ்சு போச்சு. ஒரே செலவுல ரெண்டையும் பார்த்துக்கினேன்." வீங்கிய கட்டைவிரலைக் காட்டினாள். பார்த்தேன். கண்ணாடி இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. திட்டுவதற்காகக் கொண்டுவந்த வசனங்களில் ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் நெஞ்சில் உறுத்தியது. இது வெளியே போனால்? இரண்டு மாதமாகத் தெரு முழுக்க லூதியானா புராணம் பாடியிருக்கிறேன். பழைய மெஷினின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு பழைய மெஷினைக் கழுதை என்று சொல்லியிருக்கிறேன். மேரி என்னை ஏமாற்றினாள் என்று சொன்னால், என் கண்தான் கெட்டுப்போயிருந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அவளைக் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினேன்.

"மேரி, ஆனது ஆயிடுச்சி. உன்னை மன்னிச்சிட்டேன்."

"சரிங்க."

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ளியே இருக்கட்டும். தெருவுல ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது."

மேரி கையிலிருந்த ரவிக்கையை மடியில் வைத்தாள். ஏதோ சொல்ல வந்தவள் தயங்கினாள். மேரி தயங்குவது எனக்குப் பிடிக்காது.

"இன்னா?"

"தெருவுக்குத் தெரியாம எப்பிடிங்க? அவங்கதானே கலரே முடிவு பண்ணாங்க."

"இன்னா கலரு?"

"பாண்டுரங்கன் பச்சையா ஊதாவான்னு கேட்டு ஆளனுப்பியிருந்தான். எனக்கு ஒண்ணும் தோணல. அப்பதான் எலெக்சன் முடிஞ்சி இருந்துது இல்ல, டீச்சரு சொன்னாங்க, நாமளும் ஓட்டுப் போட்டு எடுத்துடலாம்னு. பொம்பளைங்க எல்லாரும் சீட்டுல எழுதி ஜாடியில போட்டோம். நீங்க குறட்டை வுட்டுக்கினு இருந்தீங்க."

மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எத்தினி பேரு?"

"பச்சைக்குப் பதினோரு ஓட்டு. ஊதாவுக்கு நாலு. ஒரு ஓட்டு மட்டும் செல்லாம போச்சு."

"அது ஏன் செல்லல?"

"அதுல கலரே எழுதல. மெஷின் அப்பிடியே இருக்கட்டும், ஆளை மாத்துங்கன்னு எழுதியிருந்துச்சு."

துள்ளி எழுந்தேன். பதினைந்து பேரையும் மன்னிக்கலாம். அந்தச் செல்லாத ஓட்டுக்காரியை மன்னிக்க முடியாது. அவள் எவள் என்று தெரிந்தாக வேண்டும். இந்த ஜென்மத்தில் அவளுக்கு ஒரு பொத்தான்கூட வைத்துக் கொடுக்க மாட்டேன்.

"யாரு அவ? கையெழுத்தை வெச்சிக் கண்டுபுடிச்சியா, இல்லியா?"

மேரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கண்டுபுடிக்கறதுக்கு இன்னாங்க இருக்குது? என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"